பேரன் பேர்

எங்கள் ஆட்களின் பெயர்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்ற திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வேறு யார் தலையிலாவது பழியைப் போட முடியுமா என்று பல வருஷம் முயன்று பார்த்தேன். ஒருவர் தலையிலும் அது நிற்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு மாலைக் கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கல்லூரி என்றதும் பெரிய மண்டபம், மணிக்கூண்டு என்று நினைத்துவிடாதீர்கள். பகலில் அது ஒரு சாதாரணப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அதே கதிரைகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து தட்டெழுத்தோ தையலோ ஆங்கிலமோ படிப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து நேரே வருவார்கள். சிலர் மேசையிலேயே தலையை வைத்துத் தூங்கிவிடுவதும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் நான் பூகோளம் படிப்பித்தவள். இங்கே என் சான்றிதழ்களை ஒரு அதிகாரி விரித்துப் பார்த்து, மிகவும் அழகாக இருக்கின்றன என்று சொல்லித் திருப்பித் தந்தார். சுவரில் மாட்டச் சொல்கிறாராக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டு வந்து, நாங்கள் குடியிருந்த லிட்கமிலிருந்து ரயிலேறிப் போய் விண்ணப்பப் படிவங்களை அடுக்கும் கிளார்க் ஆனேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று கல்லூரி அதிபர் சொல்லியிருந்தார். அந்த அலுவலகத்தில் வெள்ளை அல்லாத முகம் என்னுடையது ஒன்றுதான். அந்த மூன்று மாதமும் கொட்டாவி விடக்கூடப் பயந்தேன்.

அங்கே எனக்கென்று ஒரு மரியாதை இருந்ததென்றால் அது பெயர்களால் வந்தது. இலங்கை, இந்தியப் பெயர் எது வந்தாலும் மற்றப் பெண்கள் படிவத்தை என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பாவின் பெயரையே முன்னுக்குப் போடுகிறோம், கலியாணம் கட்டினால் புருஷனின் பெயர் பின்னுக்கு வரும் என்றெல்லாம் அவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஒருமுறை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தன் பெயரைத் தவறான கட்டத்தில் எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் திருத்தி இன்னொரு படிவம் அனுப்பியிருந்தார். இரண்டு ஆள் என்று எல்லாரும் எண்ணிவிட்டார்கள். நான்தான் பார்த்து, இது ஒரே ஆள், பெயர் மட்டும் புரண்டு கிடக்கிறது என்று கண்டுபிடித்தேன். அதிபர் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவு என் மனுசனுக்கு அதை மூன்று தரம் சொன்னேன்.

வருஷம் முழுக்க நடக்கும் வகுப்புகளுக்கு அரசாங்கம் ஆசிரியர் சம்பளம் கொடுத்தது. டிசம்பரில் தவணை முடிந்து பெப்ரவரியில் அடுத்தது தொடங்கும் வரைக்கும் ஒன்றும் கிடையாது. அந்த இடைவெளியில், ஜனவரி வெயிலில், கல்லூரி சில குறுகிய வகுப்புகளை நடத்தியது. சேருகிறவர்கள் கட்டுவதை வைத்தே அந்த வகுப்பு நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்குப் பெரிய பெயர் ஒன்று இருந்தது. நான் எனக்குள் சொந்தக் கால் வகுப்பு என்று வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வகுப்பு எழும்பி நடக்கும். பதினொரு பேர் என்றால் நடக்காது. கேக்குக்கு ஐசிங் போடுகிற வகுப்புக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள் என்பதற்காக இன்னொரு வகுப்பை அதன் முதுகில் ஏற்றிவிட முடியாது. ஒவ்வொன்றும் தன் காலிலேயே நிற்க வேண்டும்.

அந்த வருஷம் புதிதாக ஒரு வகுப்பைப் போட்டிருந்தார்கள். வெளிநாட்டில் மின்சார வேலை பழகி வந்தவர்கள் இங்கே லைசென்ஸ் எடுக்கப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு ஆயத்தம் செய்கிற மூன்று வாரப் படிப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மின்சாரப் பரிசோதகர் படிப்பிக்க ஒத்துக்கொண்டிருந்தார். பரீட்சை பெப்ரவரியில். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, அந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். வாசலில் நின்று ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார், நடுவில் நின்றுவிட்டார், என் நெற்றியைப் பார்த்தார். பொட்டைப் பார்த்துத்தான் துணிவு வந்திருக்க வேண்டும். தமிழா என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம். அவருக்கு அது ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். "ஓம்னு சொல்றீங்க, ஏதோ கோயிலுக்குள்ள வந்து நிக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார். இலங்கைத் தமிழ் அவர் முதல் தடவை கேட்கிறாராம். நான் ஒவ்வொரு தரம் ஓம் என்னும்போதும் விளையாட்டாக ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் சிட்னியில் தமிழ் காதில் விழுவதே அருமை. கடையில் யாராவது பேசுகிற சத்தம் கேட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் யார் எவர் என்று விசாரிக்கிற காலம்.

அவர் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் பதினாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். இங்கே வந்து மூன்று வருஷமாகச் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் போத்தல்களுக்கு மூடி ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். எட்டு மணி நேரமும் நின்றபடி. ஒருநாள் அங்கே இயந்திரம் நின்றுபோய், திருத்த வந்த ஆள் தடுமாறிக்கொண்டிருக்க, இவர் பொறுக்க முடியாமல் போய்க் கை வைத்திருக்கிறார். ஓடிவிட்டது. தொட்டதற்கு மேற்பார்வையாளர் ஏசினார். ஆனால் திருத்த வந்தவரின் முதலாளி, லிட்கமில் மோட்டார்ப் பட்டறை வைத்திருப்பவர், இதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டு அனுப்பினாராம். லைசென்ஸோடு வா, ஈஸ்டர் வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"லைசென்ஸ் மட்டும் கைக்கு வந்துட்டாப் போதுமுங்க. மோட்டாருக்கு இங்கிலீசும் தெரியாது, தமிழும் தெரியாது. எனக்கும் அதுக்கும் பேச்சு ஒத்துப்போகும்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் விரல்கள் மேசை விளிம்பில் எதையோ முறுக்குவது போல அசைந்தன. அந்த விரல்கள் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. படிவத்தில் வரப்போகிறதுதானே என்று விட்டுவிட்டேன். ஜனவரி வகுப்புப் படிவம் ஒரு அரைத் தாள். பெயர், விலாசம், தொலைபேசி, எந்த வகுப்பு. அவ்வளவுதான். வயதுகூடக் கேட்பதில்லை, காசும் முதல் நாள் வகுப்பில்தான் கட்ட வேண்டும். ஆங்கிலம் எழுதத் தடுமாறுவார் என்று தெரிந்தது. அதனால் இரண்டு படிவங்களைக் கொடுத்து, ஒன்றில் பிழைவிட்டால் மற்றதில் எழுதச் சொன்னேன். இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றனுங்க" என்று சொல்லிப் போனார். அவருக்கு ஒரு நன்மை செய்தேன் என்று எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

இரண்டு படிவங்களும் ஒரே உறையில் வந்தன. ஒரே கையெழுத்து, ஒரே விலாசம், ஒரே தொலைபேசி, ஒரே வகுப்பு. பெயர் மட்டும் ஒன்றில் புரண்டு கிடந்தது. ஒன்றில் முன்னால் இருந்த பெயர் மற்றதில் பின்னால், பின்னால் இருந்தது முன்னால். பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சொன்னபடியே பிழைவிட்டிருக்கிறார், பாவம், பிழையானதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். எது சரியான வரிசை என்று மட்டும் கேட்டுவிடலாமென்று வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவர் வேலையில். மனைவி பேசினார்.

உங்கள் வீட்டிலிருந்து இரண்டு படிவம் வந்திருக்கிறது, பெயர் ஒன்றில் மாறிக் கிடக்கிறது என்று சொல்லி இரண்டையும் வாசித்துக் காட்டினேன். ரெண்டும் சரிதானுங்க என்றார். அதெப்படி இரண்டும் சரியாக இருக்கும் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பக்கத்து மேசையில் மற்றத் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. முதலில் வாசித்தது யாருடைய பெயர் என்று கேட்டேன்.

"அது பேரன் பேருங்க" என்றார். குரல் தணிந்துபோனது. "நான் அந்தப் பேரை வாயால சொல்ல மாட்டனுங்க."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் பேரன் என்றால் தாத்தா. அப்பாவுக்கு அப்பா. பிள்ளைகளின் பேரன் என்றால் அந்தப் பெண்ணுக்கு மாமனார். மாமனாரின் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறார், அவ்வளவுதான் விஷயம். ஆக, மனுசன் ஒரு படிவத்தில் தன் தகப்பன் பெயரைப் பின்னுக்கு எழுதிப் பிழைவிட்டிருக்கிறார். மற்றதுதான் சரி.

"இல்லீங்க, தம்பியும்..." என்று அவர் ஏதோ தொடங்கினார்.

"விளங்கிச்சம்மா. நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆளை முழுதாகச் சொல்லி முடிக்க விடமாட்டேன், இது என் பிறவிக் குணம். என் மனுசன் ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. பிழை என்று நான் நினைத்த படிவத்தை மற்றதன் கீழே வைத்து ஊசி குத்தி, மூலையில் பென்சிலால் "இரட்டை" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு பூரிப்பு.

ஜனவரி முதல் வாரம் ஆட்கள் மெதுவாகச் சேர்ந்தார்கள். இத்தாலியர், லெபனான்காரர், ஒரு போலந்துக்காரர். வியாழக்கிழமை கடைசி நாள். திங்கள் வகுப்புத் தொடங்க வேண்டும். பின்னேரம் அதிபர் தன் அறை வாசலில் வந்து நின்று மின்சார வகுப்புக்கு எத்தனை என்று கேட்டார். நான் திரும்ப எண்ணினேன். பதினொன்று. அவர், பதினொன்று பதினொன்றுதான் என்றார், உள்ளே போய் ஆசிரியருக்குப் போன் எடுத்தார். நான் பதினொரு கடிதம் அடித்தேன். போதிய பேர் சேராததால் வகுப்பு நடைபெறாது, வருந்துகிறோம். அவருக்குப் போன கடிதத்தை அடிக்கும்போது மனம் கஷ்டப்பட்டது உண்மை. ஒரே ஒரு ஆளால் போய்விட்டதே என்று நினைத்து நினைத்து வருந்தினேன். வருத்தத்தோடுதான் தபாலில் போட்டேன்.

மறுநாள் சாயந்தரம், அலுவலகம் மூட அரை மணி இருக்கும்போது அவர் வந்தார். கடிதம் கையில். தொழிற்சாலைச் சட்டையோடே வந்திருந்தார். எங்கோ காட்டில் நெருப்பு, ஊர் முழுக்கப் புகை மணம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. எத்தனை பேருங்க குறைச்சல் என்று கேட்டார். ஒராள் என்றேன்.

"ஒரே ஒரு ஆளா" என்றார். பிறகு பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டார். அப்போதுதான் நிமிர்ந்தேன்.

கதவடியில் ஒரு இளைஞன் நின்றான். இருபது வயதிருக்கும். தகப்பனை உரித்து வைத்தது போன்ற முகம். இது என் பையனுங்க, வங்கியில் வேலை செய்கிறான் என்று அவர் அறிமுகம் செய்தார். தனக்கு இங்கிலீசு தகராறு, அதனால் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும் என்று அவனையும் சேர்த்தாராம். சும்மா கூட வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்காது, முறையாகப் படிவம் போட்டே வரட்டும் என்று இரண்டாவது படிவத்தை அவனுக்குப் போட்டாராம். படிவங்களை நிரப்பியவனும் அவன்தான்.

"நீங்க போன்ல கேட்டீங்களாமே. வீட்ல சொன்னாங்க. எங்கப்பாரு பேரைத்தானுங்க பையனுக்கு வச்சிருக்கு. தாத்தன் பேரு பேரனுக்கு. அதனால என் பேரும் அவன் பேரும் மாத்தி மாத்தி வரும். எங்க போனாலும் இந்தக் குழப்பந்தான்" என்று சிரித்தார். மாமனார் பெயர் என்பதால் பெற்ற தாயே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாராம். தம்பி, தம்பி என்றுதான். பெயரையே குறிப்பிட வேண்டி வந்தால் மாமனாரின் பேரன் பேர் என்பாராம்.

அவர்கள் ஊரில் பேரன் என்றால் மகனின் மகன். ஒரே சொல். எங்களுக்குத் தாத்தா, அவர்களுக்குப் பேரப்பிள்ளை. பூகோளம் படிப்பித்தவள் நான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சொல் தலைகீழாகிவிடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"ரெண்டு ஃபாரமும் வந்து சேந்துச்சுங்களா?" என்று அவர் கேட்டார்.

அதிபரின் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார், வீட்டுக்குப் போக. என் கதிரையிலிருந்து அந்தக் கதவுக்குப் பத்தடி இருக்காது. எழுந்து போய், ஐயா, நான் பிழையாக எண்ணிவிட்டேன், பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னால் என்ன நடந்திருக்கும்? ஆசிரியருக்கு இன்னொரு போன். பதினொரு பேருக்குத் தந்தி. கொஞ்சம் தலையிடி, கொஞ்சம் ஏச்சு. வகுப்பு நடந்திருக்கலாம். ஆனால் பெயர்களைப் பிடிக்கத் தெரிந்தவள் என்றுதானே இந்த அலுவலகத்தில் எனக்கு ஒரு கதிரை? அந்தப் பெயரிலேயே சறுக்கிவிட்டேன் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

"ஓம். ரெண்டும் கிடைச்சது" என்றேன்.

அவர் விளையாட்டாக நெஞ்சில் கை வைத்தார். நான் சொன்ன ஓமுக்கு. அதைப் பார்த்தபோது எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

நாளைக்கே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் நடத்துவார்களா என்று கேட்டார். ஆசிரியருக்குச் சொல்லியாயிற்று, இனி ஏலாது என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்காத அளவுக்குக் கறாராக இருந்தது. குற்றம் செய்தவர்களுக்குத்தான் அந்தக் குரல் வரும். மகன் ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக, வேறு எங்காவது இந்த வகுப்பு இருக்கிறதா என்று விசாரித்தான். தெரியாது என்றேன். தகப்பன் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தார். "பரவாயில்லைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க. வர்றனுங்க" என்றார்.

அதிபர் என்னைத் தாண்டிப் போகும்போது நல்ல வார இறுதியாக அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் போன பிறகு அந்த இரண்டு படிவங்களையும் எடுத்து ஊசியைக் கழற்றினேன். பிரித்து வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. இன்னொரு தரம் எண்ணினேன். மகனின் படிவத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, குசினியில் காஸ் அடுப்பில் பிடித்து எரித்தேன். என்ன மணக்கிறது என்று என் மனுசன் கூடத்திலிருந்து கேட்டார். பப்படம் கருகிவிட்டது என்றேன். எதையும் அவரிடம் ஒளிக்காதவள் நான், இதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்னைக் கையோடு திங்கட்கிழமை அதிபரிடம் அனுப்பியிருப்பார். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

பெப்ரவரியில் என் வேலை நிரந்தரமானது. அதிபர் கைகுலுக்கினார். பெயர்களைப் பற்றி மறுபடியும் ஏதோ நல்லதாகச் சொன்னார். அன்று நான் சோறு தின்னவில்லை.

பல தடவை அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கும். இரண்டாம் வரியில் நின்றுவிடும். அடுத்த வருஷம் அதே வகுப்பைத் திரும்பப் போட்டார்கள். விளம்பரத் தாள் ரோனியோ இயந்திரத்தில் பிரதி அடித்து வந்த அன்றே ஒன்றை உறையில் போட்டு அவருடைய விலாசத்துக்கு அனுப்பினேன். ஒரு வரிகூட எழுதவில்லை. தாளை மட்டும் அனுப்பினேன். அவர் வரவில்லை. அந்தத் தடவை பதினான்கு பேர் சேர்ந்தார்கள், வகுப்பு அமர்க்களமாக நடந்தது. முதல் நாள் மாலை வகுப்பறை வாசலில் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிறகு அவரைத் தேடிப் போகலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அதற்குப் பிறகு நாலு வருஷம் போயிருக்கும். செவன் ஹில்ஸில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போய்விட்டு வீடு திரும்ப நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பின்னேரம் மூன்று மணி. வந்த ரயிலிலிருந்து கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒருவர் இறங்கினார். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டை. தலை நரைத்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் அவர் கண்டுவிட்டார்.

"ஓம் மேடம்தானுங்களே?" என்றார். அவர் வீட்டில் எனக்கு அதுதான் பெயராம்.

சந்தோஷமாகத்தான் பேசினார். மகனுக்குக் கலியாணமாகிவிட்டது. ஒரு ஆண் குழந்தை. என்ன பேர் என்று கேட்கப் பயந்தேன். அவராகவே சொன்னார், தன் பெயர்தானாம். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம் வந்தது. அந்தப் பரீட்சைக்குத் தனியாகப் படித்துப் போனாராம். கையால் செய்து காட்டுகிறதில் ஒரு குறையும் இல்லை, எழுதுகிறதில் போய்விட்டது. பட்டறைக்காரர் ஈஸ்டர் தாண்டியும் இரண்டு கிழமை பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் கல்லூரியிலிருந்து தாள் வந்தது, நீங்கள்தான் அனுப்பியிருப்பீர்கள் என்றார். அதற்குள் அவரைப் பின்னேர வேலைக்கு மாற்றிவிட்டார்கள், மாலை வகுப்புக்கு வர வழியில்லை. இப்போதும் அதே போத்தல், அதே மூடி. இப்போது இயந்திரம் நின்றால் கை வைப்பதில்லையாம்.

மன்னியுங்கோ என்று வாயில் வந்தது. எதற்கு என்று அவர் கேட்பார் என்பதால் விழுங்கினேன். எதிர்த் திசையிலிருந்து என் ரயில் வருகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு மட்டும் இன்னும் மனசுல உறுத்துதுங்க" என்றார். "எனக்குப் பக்கத்து மிஷின்ல ஒரு இத்தாலிக்காரர் நின்னாரு. அவரும் ஊர்ல கரண்டு வேலை பாத்தவர்தான். வாங்க, சேந்து போய்ப் படிக்கலாம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பாரு. எனக்கு இங்கிலீசுல கூப்பிட வெக்கம். கூப்பிடல. வீட்லகூட அப்பப்ப சொல்லுவாங்க, ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகத் துப்பில்லாம போச்சேன்னு. ஒரே ஒரு ஆளு. அந்தப் பன்னெண்டாவது ஆளை நான்தானுங்க கூட்டிட்டு வரல."

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. அவர் சாப்பாட்டுப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"தப்பு என்னுதுதானுங்களே மேடம்?"

"ஓம்" என்றேன்.